இரண்டாம் ஷிஃப்டுக்காரரின் ஆறு

என் அக்கா வித்யாவின் கணவர் குணசேகரன், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வழியில் அவர் தினமும் தாண்டும் ஒரே ஆறு கூவம். பாலம் வந்ததும் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா மூக்க மூடிக்கிற? நம்ம ஆறு தானே அது" என்பார். வண்டியே சிரிக்கும்.

நான் குவைத்துக்குப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆண்பிள்ளை அவர்தான். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, அக்கா போன் செய்த கொஞ்ச நேரத்தில் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பின்சீட்டில் பூந்தமல்லிக்குப் போக ஏறிய இரண்டு பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம். "அண்ணாத்தே, ஒரு கை புடிங்க" என்று அவர்களையும் உள்ளே கூட்டிப்போய் அப்பாவைத் தூக்க வைத்திருக்கிறார். அவர்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். யார், என்ன பெயர் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நான் இதையெல்லாம் குவைத்தின் ஃபஹாஹீலில் ஓர் அறையில், கையில் போனை வைத்துக்கொண்டு, இங்கும் அங்கும் நடந்துகொண்டே கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊரிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் வருகிற எந்த அழைப்பும் கெட்ட செய்தி என்றே தோன்றும். அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல், "இன்னா மச்சான், பயந்துட்டியா? ஒண்ணியும் இல்ல" என்று கேட்டால்தான் மூச்சு வரும்.

அந்த மாமாவுக்கே சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொல்ல அக்காதான் அழைத்தாள்.

அதன் பிறகு அவருடைய வாரம் மாறியது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மாடியில் வரிசையாக மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். மாமாவுக்கு நான்காம் நம்பர் மெஷினில் இரண்டாம் ஷிஃப்ட், பதினோரு மணியிலிருந்து மூன்று வரை. காலையில் ஆவடி ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நாலு நடை அடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். தொழிலை விடமாட்டேன் என்று பிடிவாதம்.

அவருக்கு ஊசியைவிடக் கொடுமை தாகம்தான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் குடிக்கலாம். குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும், மெஷின்தான் அதை எடுக்கவேண்டும். குழம்பும் மோரும் அதற்குள் அடக்கம். இளநீர் கூடாது, பழங்களில் பாதி கூடாது. வெயிலில் வண்டி ஓட்டுகிற மனுஷன். வாயில் ஒரு ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டே ஓட்டுவார். பயணிகள் மிட்டாய் என்று நினைப்பார்கள்.

மெஷினில் கிடக்கும் நான்கு மணி நேரமும் அவர் போனில் பார்ப்பது ஒன்றுதான். காட்டுக்குள் ஒரு மர வீடு. பக்கத்தில் ஓர் ஆறு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேசாமல் விறகு பிளக்கிறார், பேசாமல் கறி வதக்குகிறார், பேசாமல் தூங்குகிறார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

"மறுபடியும் ஆறா அண்ணே? இதுல கத எதுவும் வராதா?" என்று டெக்னீஷியன் ஜெபா கேட்பாள். தூத்துக்குடியிலிருந்து வந்து அயப்பாக்கத்தில் தங்கி வேலை பார்க்கிற பெண்.

"உனுக்கு இன்னா தெரியும்? இதப் பாத்துக்கினு இருந்தா தாகம் அடங்குது."

இதை அக்கா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்காக நான் இதுவரை செய்ததெல்லாம் பணம் அனுப்பியதும் பேரீச்சம்பழம் வாங்கி வந்ததும்தான். பேரீச்சம்பழமும் அவருக்கு ஆகாது என்று பிறகு தெரிந்தது. சரி, இந்த விடுமுறையில் மாமாவை ஒரு நிஜமான ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன்.

ஓசூருக்குத் தெற்கே, அஞ்செட்டி தாண்டி, காட்டோரமாக ஒருவர் சின்னதாக நாலு மரக் கேபின்கள் கட்டி விட்டிருந்தார். பின்னால் காவிரியில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு. பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் எனக்கு எதையும் சும்மா செய்யத் தெரியாது. பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, பாம்பு வருமா, யானை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அவரைத் திரும்பத் திரும்ப அழைத்துக் கேட்டேன். கடைசியில் அவர், "சார், நீங்க தங்க வர்றீங்களா, இல்ல இங்க ஆஸ்பத்திரி கட்ட வர்றீங்களா?" என்றார்.

இரண்டு இரவுக்குப் பதிவு செய்தேன். ரசீதை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"டேய், என்னடா வெள்ளிக்கிழமை போட்டிருக்க?"

"ஆமாக்கா, வீக்எண்ட். வெள்ளியும் சனியும்."

"எந்த ஊர்லடா வெள்ளிக்கிழமை வீக்எண்ட்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குவைத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. இத்தனை வருஷத்தில் உடம்பே அதற்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாமா மூன்று மணி வரை மெஷினில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு கிளம்பினால் காட்டுச் சாலைக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர முடியும். ஆறு மணிக்கு மேல் செக்போஸ்ட்டில் வண்டியை விடமாட்டார்கள்.

கேபின்காரரை மறுபடி அழைத்தேன். நாளை மாற்ற முடியாது, மழைக்காலம் வரைக்கும் எல்லா வார இறுதிகளும் நிறைந்துவிட்டன என்றார். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறே திரும்பினால் அந்த அலைச்சலை மாமாவின் உடம்பு தாங்காது. அடுத்த வாரத்துக்குத் தள்ளவும் வழியில்லை. அந்தத் திங்கட்கிழமை ராத்திரி எனக்கு விமானம்.

நான் ஊருக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாக அக்காவோடு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் தெளிவாகச் சொன்னார்: போகலாம், ஆனால் வெள்ளிக்கிழமை டயாலிசிஸை விடக்கூடாது, திங்கட்கிழமையும் விடக்கூடாது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ஆக, ஒரே வழிதான். வெள்ளிக்கிழமை மட்டும் மாமா முதல் ஷிஃப்டில் படுக்கவேண்டும். அது விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிந்துவிடும். ஜெபாவிடம் கேட்டேன்.

"மாத்திக்கலாம் சார். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா முதல் ஷிஃப்ட் ஆளுங்க எல்லாரும் முடிச்சதும் வேலைக்கு ஓடறவங்க. மத்தியானம் வரச் சொன்னா அன்னைக்குச் சம்பளம் போயிரும்." கொஞ்சம் யோசித்தாள். "தஸ்தகீர் பாய் ஒருத்தர்தான் வேலைக்குப் போகாதவரு. அவர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல."

தஸ்தகீர் பாய் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மாமா படுக்கும் அதே நான்காம் நம்பர் மெஷினில் காலை ஷிஃப்ட். ஊசி எடுத்ததும் ரத்தம் நிற்கும்வரை கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் மாமா வண்டியை நிறுத்திவிட்டு மேலே வருவார். இருவரின் சிநேகமும் அந்தக் கால் மணி நேரத்தில் வளர்ந்ததுதான்.

"வா நைனா. சீட்ட சூடு பண்ணி வெச்சிருக்கேன்."

"மெத்தக்கட பாயி படுத்த எடம், மெத்துனு கீதானு பாக்கறேன்."

இப்படித்தான் பேச்சு. ஆனால் பாய் அந்தக் காலை ஷிஃப்டை எப்படி வாங்கினார் என்பது மாடி முழுக்கத் தெரிந்த கதை. ஆரம்பத்தில் அவருக்கும் மத்தியான ஷிஃப்ட்தான் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை போய்விடுமே என்று மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஓர் இடம் காலியானதும் காலைக்கு மாறியிருக்கிறார். நோய் வந்த பிறகு எத்தனையோ விட்டுவிட்டார், பிரியாணியைக்கூட. ஜும்மாவை மட்டும் விடவில்லை. பள்ளிவாசலில் பழைய ஆட்களோடு தோளோடு தோள் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், தான் ஒரு நோயாளி இல்லை என்பார்.

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், கேன்சல் பண்ணிடு."

"ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமே மாமா."

"இன்னானு கேக்கறது? 'பாய், நான் ஆத்துல காலு நனைக்கப் போறேன், நீ தொழுகைக்குப் போவாத'ன்னா? அவரு இல்லன்னு சொல்ல மாட்டாரு. அதாங் கேக்கக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. 

அக்காவும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த வராந்தாவில் இன்னொரு சிநேகமும் இருந்தது. பாயின் மனைவி ஷரீஃபுன்னிசாவும் அக்காவும். ஒருத்தி கிளம்புகிற நேரமும் இன்னொருத்தி வருகிற நேரமும் ஒன்று. கீரையை எத்தனை தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொட்டவேண்டும், உப்பில்லாத ரசத்துக்கு எதைப் போட்டால் நாக்கு ஏமாறும் என்பதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தவை. அன்று சாயங்காலம் ஷரீஃபுன்னிசா ஏதோ சமையல் சந்தேகம் கேட்க போன் செய்திருக்கிறார். பேச்சுவாக்கில் ஆற்றுக்குப் போகிற ஏற்பாடெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். "போகலக்கா" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. நானும் மாமாவோடும் அக்காவோடும் மாடிக்குப் போனேன். பாய் பஞ்சை அழுத்தியபடி நாற்காலியில் இருந்தார். வழக்கமான கிண்டல் இல்லை.

"ஒக்காரு நைனா. வெள்ளிக்கெழம காலைல நீ வா. நான் பதினோரு மணிக்கு வரேன். ஜெபா பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

மாமா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நீ சொன்னியா?"

"அவங்க கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"இன்னா பாய் இது? வெள்ளிக்கெழம உனுக்கு ஜும்மா. எனுக்குத் தெரியாதா? ஆறு எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அடுத்த வருஷம்!" பாய் சிரித்தார். "நம்ம ரெண்டு பேரும் பேசற பேச்சாடா இது? வெள்ளிக்கெழம தாண்டினா திங்கக்கெழம. நமக்குக் கணக்கு அவ்ளோதான்."

"அதுக்காகத்தாம்பா சொல்றேன். உனுக்கும் அதே கணக்குதானே. ஒரு ஜும்மாவ எதுக்கு உடணும்?"

பாய் தன் கையில் இருந்த பஞ்சைத் திருப்பி வைத்து அழுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இத கேளு. நோயாளிக்கு ஜும்மா கடமை இல்ல. அதுக்குப் பதிலா மத்தியான லுஹர் தொழுதுக்கலாம், ஒக்காந்துகினு, படுத்துகினு, எப்டி முடியுதோ அப்டி. பள்ளிவாசல் ஹஜ்ரத்து எனக்கு மொத நாள்லேர்ந்து சொல்லிகினேதான் கீறாரு. ஆண்டவன் குடுத்த சலுக அது. நான்தான் வேணாம், எனக்கு இன்னா கேடுன்னு வீம்பா வெச்சிருந்தேன். இந்த வாரம் எடுத்துக்கறேன். உனக்காகத்தான் எடுத்துக்கறேன்னு நெனைக்காத, எனக்கும் சலுக எடுக்கப் பழகணும்."

மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்து முழித்தார்.

"இன்னா முழிக்கிற? போயி எட பாரு. ஆனா ஒண்ணு, ஆத்தப் பாத்ததும் பாஞ்சு குடிச்சுட்டு வராத. அப்புறம் திங்கக்கெழம அந்த மெஷினு உன் தண்ணிய எடுக்கறதுக்குள்ள பழுதாயிடும். காலைல நான் படுக்கற மெஷினு அது, ஞாபகம் வெச்சுக்க."

அக்கா அழுதாள், சிரித்தாள். ஷரீஃபுன்னிசா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினோம். மாமாவின் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபுதான் வாடகைக் காரை ஓட்டினான். டயாலிசிஸ் முடித்த அன்று மாமாவுக்குக் கைகால் ஓயும். பின்சீட்டில் அக்காவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே, "டில்லி, லெஃப்ட்டுல லாரி வர்றான் பாரு" என்றார்.

"அண்ணாத்தே, நீ தூங்கு. கண்ண மூடிக்கினு ஓட்டற ஒரே டிரைவரு நீதான்."

ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர் எல்லாம் கடந்தோம். நான் முன்சீட்டில் போன் வரைபடத்தைப் பார்த்தபடி, செக்போஸ்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆம்பூரை நெருங்கும்போது பாங்கு கேட்டது. தூங்குகிறார் என்று நினைத்த மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டில்லி, ஓரங்கட்டு."

"ஏன் மாமா, என்ன பண்ணுது?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"ஒண்ணியும் இல்ல மச்சான். அந்த மசூதிகிட்ட நிறுத்து."

இறங்கினார். உள்ளே போகவில்லை. எதிரே ஒரு புளியமர நிழலில் போய் நின்றார். வெள்ளைச் சட்டைகளும் தொப்பிகளுமாக ஆட்கள் வேகவேகமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு அவர்களையே பார்த்து நின்றார். அக்காவும் இறங்கிப் பக்கத்தில் நின்றாள். அவருக்குக் கும்பிடத் தெரிந்த சாமிகளிடமே அதிகம் பேசாத மனுஷன். உதடு எதுவும் அசையவில்லை. சும்மா நின்றார், அவ்வளவுதான். உள்ளே தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரத் தொடங்கியதும் காருக்கு வந்தார்.

"இந்நேரம் பாய் அங்க படுத்துக்கினு இருப்பாரு. இங்க ஓட்டிகினு போவ மனசு வரல. அதான்" என்றார். பிறகு, "எட்றா டில்லி, நம்ம மச்சானுக்கு செக்போஸ்ட்டு மூடிடும்னு ஜுரமே வந்துடுச்சு."

செக்போஸ்ட் மூடவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். கேபின்காரர் என்னைப் பார்த்ததும், "ஜெனரேட்டர் இருக்கு சார், டீசல் ஊத்தி வெச்சிருக்கேன்" என்றார், வணக்கம் சொல்வதற்கும் முன்னால். மாமா களைப்பில் ஒரு தோசையைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில்தான் ஆற்றைப் பார்த்தார்.

பெரிய ஆறு இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர். பாறைகளுக்கு நடுவே வழி தேடி, சின்னச் சின்னச் சுழலாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் மூங்கில் அடர்ந்திருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார். போனைக் கேபினிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் கரையில் நின்று, பாறை வழுக்குமோ, தண்ணீர் ஏறுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளினார். அக்கா ஓரடி முன்னால் வைத்தாள். அவர் வாயில் ஊற்றி, கன்னம் உப்ப அங்கும் இங்கும் அலசி, நிதானமாக, ரசித்து ரசித்து, தூரமாகத் துப்பினார்.

"கணக்குல வராது" என்றார் அக்காவிடம்.

மறுபடி அள்ளினார். அலசினார். துப்பினார். எத்தனை தடவையோ. அக்கா பாறையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதையே செய்தாள், அவளுக்குக் குடிக்கத் தடை ஒன்றும் இல்லாதபோதும். கொஞ்ச நேரத்தில் டில்லிபாபுவும் இறங்கினான். யார் அதிக தூரம் துப்புகிறார்கள் என்று போட்டி ஆரம்பித்துவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் போனேன். அந்த ஆற்றில் நான் என்ன கிருமியை விழுங்கினேனோ தெரியாது. அதைப் பற்றி யோசிக்காத ஒரு காலைப்பொழுது எனக்கும் கிடைத்தது.

திங்கட்கிழமை அவரோடு மாடிக்குப் போனேன். அன்று இரவு எனக்கு விமானம். மாமா எடைப் பலகையில் ஏறினார். ஜெபா எண்ணைப் பார்த்து, ஒருமுறை இறக்கி மறுபடி ஏற்றினாள்.

"என்னண்ணே, ஆத்துக்குப் போயிட்டு வந்தும் எப்பவும் ஏறுறதைவிடக் கம்மியா ஏறியிருக்கு?"

"அப்டிதான். பாய் மெஷினு பழுதாவக் கூடாதில்ல?"

பாய் வராந்தாவில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். 

"எப்டி இருந்துச்சு நைனா?"

"சில்லுனு இருந்துச்சு பாய்." சொல்ல நிறைய இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "உனுக்கு எப்டி இருந்துச்சு? வெள்ளிக்கெழம?"

"கண்ணாலயே தொழுதேன். பக்கத்து மெஷினு ஆளு, பாய்க்கு கண்ணுல ஏதோ விழுந்துட்டுதுன்னு ஜெபாவக் கூப்ட்டுட்டான்."

பாயின் கையில் பஞ்சு நழுவும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜெபா உள்ளிருந்து, "பாய், கையை அசைக்காதீங்க!" என்று கத்தினாள்.

"அடுத்த தபா நீயும் வர்ற பாய். ரெண்டு பேருமா போறோம்" என்றார் மாமா.

"நம்ம ரெண்டு பேரும் போனா, நமக்கு நேரத்த எவன் மாத்திக் குடுப்பான்?"

வராந்தாவின் கடைசி நாற்காலியில் மங்களம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். திருநின்றவூரிலிருந்து வருகிற மூன்றாம் ஷிஃப்ட்காரர். மகன் வேலைக்குப் போகிற வழியில் இறக்கிவிடுவதால் சாப்பாட்டு டப்பாவோடு முன்னதாகவே வந்து காத்திருப்பார். யாரோடும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. அவர் தலையை நிமிர்த்தினார்.

"திங்கக்கிழமை திரும்பி வர்றதா இருந்தா என் சாயங்கால நேரத்தை ஒருத்தருக்குத் தரேன். அடுத்தவருக்கு நீங்களே பாத்துக்குங்க" என்றார். பிறகு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே, "ஆனா சும்மா இல்ல. அந்த வண்டியில எனக்கும் ஒரு சீட்டு வேணும்."

"உன் நேரத்தயும் குடுத்துட்டு நீயும் வந்துட்டா, அப்புறம் உனுக்கு யாருமா குடுப்பா?" என்று மாமா கேட்டார்.

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஷரீஃபுன்னிசா ஒரு கணக்குப் போட்டார், அக்கா அதை மறுத்து வேறு கணக்குப் போட்டாள். உள்ளே நான்காம் நம்பர் மெஷினைத் துடைத்துத் தயார் செய்துவிட்டு ஜெபா வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். மாமா எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே போனார்.